போர்டு எழுதும் முன்னே



புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள், குறிப்பாக வீட்டிலிருந்தே மசாலாப் பொடி, சோப்பு, சேலை என்று விற்க ஆரம்பித்திருக்கும் சகோதரிகள், அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “டொமைன் பெயர் வாங்கிவிட்டோம். டிரேட்மார்க் எப்போது எடுப்பது? வியாபாரம் சூடுபிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?”

தள்ளிப் போடாதீர்கள். பெயரும், எதை விற்கப்போகிறோம் என்பதும் முடிவான உடனேயே விண்ணப்பித்துவிடுங்கள். டொமைன் வாங்குவதால் இணையத்தில் ஒரு முகவரி கிடைக்கிறது, அவ்வளவுதான். அதே பெயரில் வேறொருவர் பாக்கெட் அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பினால், டொமைன் ரசீதை மட்டும் காட்டி அவரைத் தடுக்க முடியாது.

சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல பாடம். தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து ‘சிஃபி’ என்ற புதுச்சொல்லை உருவாக்கிய அந்த நிறுவனம், 1999-இல் அதை வைத்து டொமைன்களைப் பதிவு செய்தது. 2001-இல் இன்னொரு நிறுவனம், ஆங்கிலத்தில் ஒரே ஓர் ‘எஃப்’ எழுத்தைக் கூடுதலாகப் போட்டு, ‘சிஃபிநெட்’ என்று டொமைன் வாங்கியது. ஐந்து நிறுவனர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் என்று விளக்கமும் சொன்னது. சத்யம் தொடுத்த வழக்கில் பெங்களூரு சிவில் நீதிமன்றம் அந்தப் பெயருக்குத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது.

டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க்கின் தன்மை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது நமக்கெல்லாம் ஆறுதல். ஆனால் எப்படி ஜெயித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டொமைனுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. அதனால் வக்கீல்கள் ‘பாஸிங் ஆஃப்’ என்று சொல்லும் வழியில், அந்தப் பெயருக்கு மக்களிடம் நற்பெயர் இருக்கிறது என்று சந்தாதாரர்கள், விளம்பரங்கள், பத்திரிகைச் செய்திகளை எல்லாம் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. பெரிய நிறுவனம், தாங்கியது. மாதம் நூறு பாக்கெட் பொடி விற்கிறவர் உச்ச நீதிமன்றம் வரை போக முடியுமா?

ஆகவே டொமைன் வாங்கும் முன்பே, டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். கட்டணம் கிடையாது. எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், ஒலி ஒற்றுமைத் தேடலையும் பாருங்கள்; சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தேடும்போது உங்கள் பொருள் எந்தப் பிரிவில் வரும் என்று குறிப்பிட வேண்டும். மொத்தம் 45 பிரிவுகள். மசாலாப் பொடி 30-இல் வரும், ஊறுகாய் 29-இல் வரும். இரண்டும் விற்றால் இரண்டிலும் விண்ணப்பிக்க வேண்டும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் பிரிவுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000.

இன்னும் விற்கத் தொடங்கவில்லையே என்று தயங்க வேண்டாம். ‘இனிமேல் பயன்படுத்த உள்ளது’ என்று குறிப்பிட்டே விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் எப்போது வந்தாலும், விண்ணப்பித்த தேதியிலிருந்தே பதிவு கணக்காகும் என்பதால்தான் இத்தனை அவசரப்படுத்துகிறேன். இடையில் பதிவக இதழில் பெயர் வெளியானதும், ஆட்சேபம் தெரிவிக்க மற்றவர்களுக்கு 4 மாதம் அவகாசம் உண்டு. பதிவானால் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர்கள் முதல் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். நமக்குப் பின்னால் வந்தவர் முந்திக்கொண்டு பதிவு செய்திருந்தாலும், தொடர்ந்து பயன்படுத்தி வருபவரின் உரிமையைச் சட்டம் காக்கிறது. அதற்குத் தேதி போட்ட சான்று வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொறுக்கச் சொல்வேன். என்ன விற்பது என்றே இன்னும் முடிவாகவில்லை என்றால், பணத்தைக் கட்டாதீர்கள். ‘சுத்தமான நெய்’ போலப் பொருளையே சொல்லும் பெயருக்கும் கட்டாதீர்கள். பின்னால் ‘டாட் காம்’ சேர்த்ததால் அது உங்கள் சொத்தாகிவிடாது.

கடைசியாக ஒன்று. வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கி வைத்திருப்பது நம் ஊரில் சகஜம். உங்கள் டொமைன் யார் பெயரில், யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால், டிரேட்மார்க் விண்ணப்பத்தோடு அதையும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்