கையெழுத்துக்கு மதிப்பு வேண்டும்

1963 ஜூலையில் இலண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தை நம்பித்தான் சபாவும் சரவாக்கும் மலேசியாவில் இணைந்தன. 1976-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அவற்றைப் பதின்மூன்று மாநிலங்களில் இரண்டாக்கிவிட்டார்கள். பழைய வாசகத்தை நாடாளுமன்றம் மீட்டது 2021 டிசம்பரில். நாற்பத்தைந்து ஆண்டுகள்! சபாவுக்குரிய 40 விழுக்காட்டு வருவாய்ப் பங்கோ 2025-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வரை போயிற்று.

பினாங்கிலுள்ள நமக்கு இது விளங்காததல்ல. 1948-இல் கூட்டரசில் சேர்ந்த நம் தீவு, சுங்கமில்லாத் துறைமுக உரிமையை 1969-இல் இழந்தது. அந்நாளைய வேலையில்லாத் திண்டாட்டத்தை நம் வீடுகள் அறியும்.

கூலி ஒப்பந்தத்தில் ஒரு வரியை நிர்வாகம் தானாக மாற்றினால், பால்மரத் தொழிலாளி சும்மா இருப்பாரா? சரவாக் மக்கள் கேட்பதும் அதே கேள்விதான். அதைப் பிரிவினைப் பேச்சென்று தூற்றுவோரைக் கண்டிக்கிறோம். மத்திய அரசு கணக்கை விரித்துக் காட்டட்டும்.