"தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" – எந்தத் தெருவில்?

வன்கொடுமை நடந்து ஏழெட்டு மாதங்கள் கழித்து அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தோம். தாக்கப்பட்ட குடும்பத்தில் ஒரு அக்கா. தலையில் போட்ட தையல் ஆறிவிட்டது. வழக்கு நடக்கிறது. இழப்பீட்டின் முதல் தவணையும் வந்துவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை. பைக் சத்தம் கேட்டால் கைகள் விறைத்துக்கொள்கின்றன, நெஞ்சு அடைக்கிறது. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர், "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா, மனசு லேசாகும்" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு அக்கா கேட்டார்: "நடக்கலாம் தம்பி. எந்தத் தெருவுல நடக்குறது?"

அவர்கள் சேரியில் இருப்பது இரண்டே தெரு. மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமானால் அடித்தவர்களின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மருத்துவர் சொன்னதும் சரி, அக்கா கேட்டதும் சரி. சாதியொழிப்பு பேசும் நாம் இந்த இரண்டையுமே காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஆபத்து வரும்போது உடம்பு ஓடவோ திருப்பி அடிக்கவோ தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. இரண்டுக்கும் வழியில்லாதபோது அப்படியே உறைந்துபோகிறது. ஆபத்து நீங்கிய பிறகும் பலருக்கு உடம்பு அந்த நிலையிலிருந்து இறங்குவதில்லை. ஒரு சத்தம், ஒரு வாசனை போதும், மறுபடியும் அந்த நாளுக்கே போய்விடும். வாயால் விளக்கிச் சொல்ல முடியாத இடத்தில் அது தங்கிவிடுவதால், பேச்சு சிகிச்சையோடு உடலசைவும் சேர வேண்டும் என்கிறார்கள் இந்தத் துறையினர்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1940களிலேயே வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் மனநோயாளிகளுடன் நடன அசைவுகளின் வழியே வேலை செய்தார். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களில் இருந்தார்கள். 2014இல் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத அதிர்ச்சிப் பாதிப்புள்ள 64 பெண்கள் பங்கேற்றனர். பத்து வாரங்களுக்குப் பிறகு, யோகா குழுவில் பாதிப் பேருக்கு அந்த நோய்க்கான அளவுகோல்கள் பொருந்தவில்லை. யோகா செய்யாத குழுவில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்த மாற்றம் வந்தது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் இது மருந்தாகிவிடாது. ஆனால் தூக்கி எறியக்கூடிய செய்தியும் அல்ல. கொல்கத்தாவில் 2004இல் சோஹினி சக்ரவர்த்தி தொடங்கிய 'சன்வேத்' அமைப்பு, கடத்தலிலிருந்தும் பாலியல் வன்முறையிலிருந்தும் மீண்ட பெண்களோடு நடன அசைவு சிகிச்சையைச் செய்துவருகிறது. மீண்டுவந்த பெண்களில் சிலர் பின்னாளில் அங்கேயே பயிற்றுநர்களாகவும் ஆகியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னால் நம் தோழர்களிடமிருந்து உடனே பதில் வரும்: "இது என்.ஜி.ஓ. வேலை. எஃப்.ஐ.ஆர். போட வைப்பதும் தண்டனை வாங்கித் தருவதும்தான் நம் வேலை. ஆட்டம் பாட்டத்தில் சாதி ஒழியாது."

சாதி எதை வெட்டுகிறது என்று பாருங்கள் தோழர்களே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்றது குடும்பம். அடுத்த மாதமே தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனின் விரல்கள் துண்டாடப்பட்டன. கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்றார்கள் வீட்டார். வண்டி ஓட்டிய கை, கபடி ஆடிய உடம்பு. நிமிர்ந்து அசையும் தலித் உடம்பைத்தான் சாதி குறிவைக்கிறது. செருப்பைக் கையில் தூக்கு, துண்டை அக்குளில் இடுக்கு, சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று தலைமுறை தலைமுறையாக அது சொல்லிக்கொடுத்ததும் உடம்புக்குத்தான்.

அதை எதிர்த்த நம் வரலாறும் உடம்பின் வரலாறுதான். 1893இல் அய்யன்காளி பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். 1924இல் வைக்கத்தில் கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமையை. 1927இல் மகாடில் அம்பேத்கரோடு மக்கள் குளம் வரை நடந்தே போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். இந்த வரலாற்றை மேடையில் முழங்கும் நாம்தான், பாதிக்கப்பட்டவரின் உடம்பு நடுங்கும்போது "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். அதைவிட மோசம், ஊர் ஊராக மேடையேற்றி அன்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறோம். அவர் அழுதால் கூட்டம் கொதிக்கிறது. அன்றிரவு அவர் தூங்கினாரா என்று யாராவது போன் போட்டுக் கேட்டோமா?

இன்னொரு பக்கம் கடை விரித்திருப்பவர்களையும் சொல்ல வேண்டும். மலையடிவார விடுதியில் மூன்று நாள், உடலை உணருங்கள், கடந்ததை விட்டுவிடுங்கள், கட்டணம் பல ஆயிரம். அங்கே 'காயம்' உண்டு, காயப்படுத்தியவன் இல்லை. எதை விடச் சொல்கிறீர்கள்? அடித்தவன் ஜாமீனில் வந்து அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது அக்காவின் உடம்பு எச்சரிக்கையாக இருப்பது நோய் மட்டும்தானா? பாதி அது உண்மையான தகவல். பாதுகாப்பு இல்லாத இடத்தில் மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லிக்கொடுப்பது, அநியாயத்தைச் சகித்துக்கொள்ளப் பழக்குவதில்தான் முடியும்.

பறையைப் பற்றியும் பேச வேண்டும். தாளத்தோடு, கூட்டத்தோடு, தரையை மிதித்து ஆடும் ஒரு கலை நம்மிடமே இருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து, அவர்களைத் தலைநிமிர்ந்து ஆட வைத்தது. ஆனால் எல்லோருக்கும் பறைதான் மருந்து என்று எழுதிக்கொடுத்துவிடக் கூடாது. சாவுக்கு அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு தாத்தாவுக்கு அந்தச் சத்தமே அவமானத்தின் சத்தமாக இருக்கலாம். அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம் போராட்டம்தான். ஆடுவதா, நடப்பதா, கபடியா, சும்மா உட்கார்ந்து கைகளை நீட்டி மடக்குவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். தன் உடம்பின் மீது அவருக்கு இருந்த அதிகாரத்தைத்தான் அன்று பிடுங்கினார்கள். அதைத் திருப்பிக் கொடுக்காத எந்தப் பயிற்சியும் இன்னொரு ஏவல்தான்.

அரசிடம் கேட்க வேண்டியது தனி. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 2016இல் திருத்தப்பட்ட அட்டவணை, உடல் முழுவதுமாகச் செயலிழந்தால் 8.25 லட்சம், பாதிக்கு மேல் என்றால் 4.5 லட்சம், பாதிக்கும் கீழே என்றால் 2.5 லட்சம் என்று கணக்குப் போடுகிறது. பைக் சத்தத்துக்கு விறைக்கும் கைக்கு எத்தனை சதவீதம்? சட்டத்தின் 15ஏ பிரிவு, வழக்கு நடக்கும்போதே சமூகப் பொருளாதார மறுவாழ்வு தர வேண்டும் என்கிறது. மனநல சிகிச்சையும் உடலசைவுப் பயிற்சியும் அந்த மறுவாழ்வுக்குள் வர வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு சேரிக்கே வர வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, அதையாவது பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் நாம் சேர்த்திருக்கிறோமா?

நம்மால் நாளைக்கே செய்ய முடிகிற வேலைகளும் உண்டு. உண்மை அறியும் குழுவில் மனநலம் தெரிந்த ஒருவரைச் சேர்ப்பது. அனுமதி கேட்காமல் யாரையும் தொடக்கூடாது, கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தக்கூடாது, "வேண்டாம்" என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்ற பாடங்களை நம் கலைக்குழுக்கள் கற்பது. இரவுப் பாடசாலைத் திடலில் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவது. தூக்கமே இல்லாமல், சாகலாம் என்ற எண்ணத்தோடு இருப்பவருக்கு ஆட்டம் மட்டும் போதாது, உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது.

பிறகு அந்தத் தெரு. அக்கா தனியாக அந்த வாசல்களைத் தாண்ட முடியாது, தாண்டச் சொல்வது கொடுமை. அடுத்த முறை நாம் நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் போக வேண்டாம். முதலில் அவரிடம் கேட்போம். அவர் சரி என்றால், போலீஸ் பாதுகாப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, இருபது பேராகக் காலை ஆறு மணிக்கு அவரோடு மெயின் ரோடு வரை நடப்போம். ஒருநாள் போட்டோவுக்காக அல்ல, அவர் போதும் என்று சொல்லும்வரை. முழக்கம் கூட வேண்டாம், அவர் வேகத்துக்கு நடந்தால் போதும்.