வீழ்ச்சியின் விலை யாது?

குற்றம் இஃதெனக் காட்டுதல் எளிது. அதன் நிறையை அளந்து கூறுதல் அரிது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் யாவரும் இதனை அறிவர். பனித்தளத்திற் சறுக்கி ஆடும் கலைக்குப் புள்ளி வழங்கும் நடுவர்க்கும் இவ்விடர்ப்பாடே நேர்கின்றது. இசைக்கேற்ப ஆடுவோர் இடையிடையே மேலெழுந்து சுழன்று ஒற்றைக்காலில் இறங்குதல் வேண்டும். இறங்குங்கால் வீழ்ந்தார்க்கு எவ்வளவு கழிப்பது? விதித்த அளவு சுழலாது விட்டார்க்கு என் கொடுப்பது?

பண்டை முறையில் உச்சப்புள்ளி ஆறு. நடுவர் ஆட்டம் முழுவதையுங் கண்டு, நுட்பத்துக்கு ஒன்றும் கலைக்கு ஒன்றுமாக இரு புள்ளிகள் இட்டனர். வீழ்ச்சியின் விலை பெரும்பாலும் அவர்தம் உள்ளத்துள்ளேயே அடங்கிற்று. 2002இல் சோல்ற் லேக் நகர ஒலிம்பிக்கில் இணையர் போட்டியின் தீர்ப்புப் பெரும் பூசலாய் முடிந்தது. அதன் பயனாக அம்முறை கைவிடப்பட்டது. பின்வந்த முறை ஒவ்வொரு தாண்டலுக்கும் ஓர் அடிப்படை விலை விதித்தது.

2022ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் நிலவிய கணக்கை நோக்குவோம். நான்கு சுற்று ‘லுற்ஸ்’ தாண்டலின் விலை 11.50. அதில் வீழ்ந்தால் அவ்விலையிற் பாதி குறையும். பொதுவில் மேலும் ஒரு புள்ளி கழியும். எஞ்சுவது 4.75. மூன்று சுற்று ‘ரோ லூப்’ தாண்டலைப் பிழையின்றிச் செய்தார்க்குரிய அடிப்படை விலையோ 4.20. வீழ்ந்தவர் நின்றவரினும் மேம்படுதல் முறையோ எனப் பலர் வினவுவர்.

முறையே என்பது எமது விடை. நான்கு முறை சுழன்றமை மெய். அது மூன்று சுற்றினும் மிக அரிது. இறங்குதலிற் பிழைத்தமையால் எழுந்து சுழன்றமை பொய்யாகாது. கணக்கின் வழியைச் செவ்வனே எழுதி விடையிற் பிழைத்த மாணவனுக்கு, வழிக்குரிய புள்ளியை நல்ல பரீட்சகர் மறுப்பதில்லை.

இனி, விடுபட்ட உறுப்பினை நோக்குவோம். அதே போட்டியில் யப்பானிய வீரர் யுசுறு ஹன்யு, குறும் ஆட்டத்தில் நான்கு சுற்றுச் ‘சல்கோ’ தாண்டப் புகுந்து ஒரே சுற்றோடு இறங்கினார். தம் காலணியின் அலகு பனியிலிருந்த குழியிற் பட்டதென அவர் கூறினார். அவர் வீழவில்லை, எனினும் அத்தாண்டலுக்குக் கிடைத்தது பூச்சியம். இரு நாள் கழித்து, நீள் ஆட்டத்தில் நான்கு சுற்று ‘அக்சல்’ தாண்டி வீழ்ந்தார். 12.50 ஆகிய விலை சுற்றுக் குறைவாற் 10 ஆகி, வீழ்ச்சியாற் பாதியாகி, 5 புள்ளி கிடைத்தது.

இதனை அநீதியென இரங்குவார் உளர். யாம் உடன்படோம். குறும் ஆட்டம் விதித்த உறுப்புக்களைச் செய்து காட்டும் பரீட்சை. ஆங்கு மூன்று அல்லது நான்கு சுற்றுக் கேட்கப்பட்டது. ஒரு சுற்று அதற்கு விடையாகாது. நடுவர் ஊழை அளப்பவரல்லர், செய்ததை அளப்பவர்.

ஆயின் குறை எங்குளது? பொதுவிற் கழிக்கும் அவ்வொரு புள்ளியிலேயே உளது. அந்நீள் ஆட்டத்தில் ஹன்யு இருமுறை வீழ்ந்தார். அதற்காக இரு புள்ளி கழிந்த பின்னரும் பெற்றது 188.06. தாண்டலின் குறையைத் தாண்டலிலேயே கழித்தாயிற்று. இப்பொதுக் கழிவோ முழு ஆட்டத்துக்கும் நேர்ந்த ஊறுக்கு ஈடு. இசை ஓடிக்கொண்டிருக்க ஆடுபவர் தரையிற் கிடக்குங்கால், பார்ப்போர் உள்ளத்தெழுந்த பாவமும் அறுபடுகின்றது. இரு வீழ்ச்சிக்கும் அதன் விலை நூற்றில் ஒன்று தானோ? வீழ்ந்தார்க்குக் கலைப்பகுதியில் முழுப்புள்ளி ஆகாதென்னும் வரம்பும் இருந்தது. ஆயின் முழுப்புள்ளியை எய்துவாரே மிகச் சிலராதலின் அது பலரைத் தீண்டவில்லை.

2014இல் சோச்சியில் அவ்வீரரே நீள் ஆட்டத்தில் இருமுறை வீழ்ந்தும் பொற்பதக்கம் பெற்றார். இரண்டாமிடத்துக் கனடிய வீரர் பற்றிக் சானும் தடுமாறினாராதலின் தீர்ப்பைப் பழித்தல் தகாது, பழிக்கத்தக்கது அளவுகோலே.

ஆதலின் பொதுக் கழிவு நிலையான எண்ணாயிராது, கலைப்புள்ளியில் ஒரு பங்காதல் வேண்டும். இருபதில் ஒன்றெனினும் அமையும். உடன் எழுந்து இசையோடு கலந்தார்க்கு அதனைக் குறைத்தலும், நெடிது தடைப்பட்டார்க்கு மிகுத்தலும் நடுவர் கடன். இன்றேல் உடல் முதிராத இளைஞர், வீழினும் ஊதியமே எனக் கணக்கிட்டு, தமக்கு எட்டாத தாண்டலிற் காலையும் முதுகையும் பணயம் வைப்பர். அரிய முயற்சிக்குரிய புள்ளியைக் குறையாது கொடுக்க. முழுமைக்கு நேர்ந்த ஊறினை முழுமையிற் கழிக்க. அதுவே நடுவுநிலைமை.