நீலமா, பச்சையா? நோயாளியின் அறைச் சுவரும் முகத்தின் நிறமும்

நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்லுமுன் அவர் தங்கும் அறைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கப் பல குடும்பத்தினர் விரும்புகின்றனர். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவர்கள் நாடுவது பெரும்பாலும் இளநீலம் அல்லது இளம்பச்சை. இரண்டில் எது நல்லது? விடை நோயைப் பொறுத்தது என்பதே என் கருத்து.

பச்சைக்கு மருத்துவமனை நிறம் என்ற பெயருண்டு. 1914இல் சான்பிரான்சிஸ்கோ அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன் வெண்சுவர்களின் கூச்சத்தைத் தவிர்க்கவே தம் அறுவை அரங்கிற்குப் பச்சை நிறத்தைத் தேர்ந்தார். அதனால் பயன் பெற்றது மருத்துவரின் கண். சுவரின் நிறம் நோயைத் தீர்க்கும் என்று எவரும் நம்ப வேண்டியதில்லை.

ஆனால், நிறம் பராமரிப்பவரின் கண்ணை ஏமாற்றக்கூடும். இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள சிறு வாடகை வீடுகளில் கட்டில் சுவரை ஒட்டியே கிடக்கும். சுவரில் பட்ட ஒளி நோயாளியின் முகத்திலும் சாயலாக விழும். நுரையீரல், இதய நோயாளிகளின் உதடு, நாக்கு, நகக்கண் நீலம் பாய்கின்றனவா என்று கவனிக்குமாறு நாங்கள் கூறுகிறோம். கருநிறத் தோலில் இம்மாற்றம் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலுமே தெளிவாகத் தெரியும். நீலச் சுவரின் சாயல் அதை மறைக்கலாம். இல்லாத நீலத்தைக் காட்டவும் செய்யலாம். இவர்களுக்கு இளம்பச்சையே மேல். கல்லீரல் நோயாளிகளிடமும் பச்சிளங்குழந்தைகளிடமும் நாம் தேடுவது மஞ்சள் சாயல். பச்சைச் சுவர் அதைக் குழப்பும். அங்கே மிக வெளிறிய நீலம் பொருந்தும். எந்த நிறமாயினும் கட்டிலை ஒட்டிய சுவரை வெண்மையாக விட்டு, எதிர்ச்சுவருக்கு மட்டும் வண்ணம் பூசுவது இன்னும் நல்லது. முகத்தைப் பகல் வெளிச்சத்தில், சன்னலருகே பார்த்துப் பழகுங்கள்.

நிறத்தைவிட முக்கியமானது பெயிண்டின் நெடி. ஆஸ்துமா நோயாளி வருவதற்குச் சில நாள் முன்பே வேலையை முடித்து, சன்னல்களைத் திறந்து வையுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பழைய கதவு, சன்னல் பூச்சுகளை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டா. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அவ்வேளையில் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அங்கே இருத்தலாகாது.

மூச்சுத்திணறலுடன் உதடும் நீலமாகத் தோன்றினால், சுவரின் சாயல்தான் என்று எண்ணிக் காத்திராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.