ஃபார்மலின் ஊற்றுமுன்

பிளனேரியாவில் ஆய்வு தொடங்க நினைக்கும் துறைகள் முதலில் தேடுவது ஸ்மிட்டியா மெடிட்டரேனியாவைத்தான். உலகின் பல ஆய்வகங்களில் வளரும் அதன் பாலிலா வழியின் முன்னோர், பார்சிலோனாவின் மோன்ட்ஜூயிக் குன்றில் கைவிடப்பட்ட ஒரு நீரூற்றுத் தொட்டியில் பிடிபட்டவை. 18 முதல் 20 பாகை செல்சியசில் வளர்க்கவேண்டிய இந்தப் புழுவைச் சிதம்பரத்து மே மாதத்தில் காப்பாற்றுவதென்றால் குளிர்பெட்டி ஒரு நாளும் நிற்கக் கூடாது. அந்தச் செலவு ஒரு தடைதான் என்றாலும் நம் வாதம் அதைப் பற்றியதல்ல. இனப்பெருக்க உயிரியலில் இங்கிருந்து கேட்கத்தக்க சில நல்ல கேள்விகளுக்கு ஸ்மிட்டியா விடை தராது. கடலூர் மாவட்டத்தின் வாய்க்கால்களிலும் கழிமுகங்களிலும் தேடவேண்டிய தட்டைப்புழுக்கள் தரக்கூடும்.

இழப்பு மீட்பைப் பொறுத்தவரை ஸ்மிட்டியாவின் இடத்தை யாரும் அசைக்கப் போவதில்லை. தாமஸ் ஹன்ட் மார்கன் 1898-இல் பிளனேரியாவைத் துண்டு துண்டாக வெட்டித் தொடங்கிவைத்த கேள்விக்கு, 1999-இல் சான்செஸ் அல்வராடோவும் நியூமார்க்கும் ஈரிழை ஆர்.என்.ஏ.வைக் கொண்டு ஜீன்களை அடக்கிக் காட்டிய பிறகே மூலக்கூறு நிலையில் வழி திறந்தது. பீட்டா-கேட்டனினை அடக்கினால் வால் இருக்கவேண்டிய இடத்தில் தலை முளைக்கிறது என்று 2008-இல் தெரிந்தது. கதிர்வீச்சில் நியோபிளாஸ்ட் எனப்படும் தன் தண்டுசெல்களை எல்லாம் இழந்த புழுவை, மாற்றிவைத்த ஒரேயொரு நியோபிளாஸ்ட் மீட்டெடுத்ததை 2011-இல் ரெட்டியன் குழு காட்டியது. பெங்களூரு இன்ஸ்டெமிலும் ஒரு குழு இதே புழுவில் சிறு ஆர்.என்.ஏ.க்களை ஆராய்கிறது. இந்தக் களத்தில் புதிதாக நுழைபவர் அதே இனத்தை எடுத்துக்கொள்வதே அறிவு.

இனப்பெருக்கத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. இனப்பெருக்க உறுப்பு எதுவுமே இல்லாத துண்டிலிருந்து வளரும் பிளனேரியா, விந்தகத்தையும் சூலகத்தையும் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. அதாவது, இனச்செல்கள் கருவிலேயே ஒதுக்கிவைக்கப்பட்டவையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இதற்கு நானோஸ் ஜீன் இன்றியமையாதது என்று 2007-இல் தெரிந்தது. என்.பி.ஒய்-8 என்ற நரம்புப் பெப்டைடு இல்லாமல் போனால் முதிர்ந்த இனப்பெருக்க உறுப்புகள் பின்னடைகின்றன என்பது 2010-இல் வெளியானது. இவை எல்லாம் ஸ்மிட்டியா தந்தவைதாம். ஆனால், பிளந்து பெருகும் புழு எப்போது, எதனால் பால்முறைக்கு மாறுகிறது என்ற கேள்வியை அதனிடம் கேட்க முடியாது. அதன் இரு வழிகளும் குரோமோசோம் இடமாற்றம் ஒன்றால் வேறுபட்டவை. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. ஜப்பானின் டுகேசியா ரியுக்கியுயென்சிஸ் அப்படியல்ல. அதன் பாலிலாப் புழுவுக்குப் பால்முறைப் புழுக்களை உணவாகக் கொடுத்தால் சூலகமும் விந்தகமும் உருவாகின்றன. டுகேசியா பேரினம் இந்தியாவிலும் உண்டு. குளிர்நாட்டில் பருவம் மாறும்போது நிகழ்வதாகப் பாடநூல்கள் சொல்லும் இந்த மாற்றம், குளிர்காலமே இல்லாத ஊரில் எந்தக் குறிப்பைப் பார்த்து நிகழ்கிறது? இதைக் கேட்க நம்மைவிடப் பொருத்தமான இடத்தில் இருப்பவர்கள் அதிகமில்லை.

கழிமுகத்தில் வாய்ப்பு இன்னும் கூடுதல். மேக்ரோஸ்டோமம் லிக்னானோ இத்தாலியின் வட அட்ரியாட்டிக் கரையில் லிக்னானோ அருகே மணலில் கிடைத்த புழு. அறிவியல் பெயர் பெற்றதே 2005-இல்தான். உடல் கண்ணாடி போன்றது; விந்தகமும் சூலகமும் வளர்வதைப் புழுவைக் கொல்லாமலே பார்க்கலாம். டயாட்டம் தின்று பெட்ரி தட்டில் வாழ்கிறது, சுமார் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. 2017-இல் அதில் அயல் ஜீனை நிலையாகச் சேர்க்கவும் முடிந்தது. வடகிழக்குப் பருவமழையில் நன்னீருக்கு அருகிலும் கோடையில் கடல்நீருக்கு அருகிலும் உப்பளவு ஊசலாடும் வெள்ளாற்றுக் கழிமுகமும் பிச்சாவரத்துச் சேறும் இதன் உறவினங்களைத் தேடத் தக்க இடங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் அந்த நீரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அளந்துவருகிறது. இப்படியிருந்தும் மீயோஃபானா எனப்படும் படிவுவாழ் நுண்விலங்குகளின் பட்டியல்களில் தட்டைப்புழுக்கள் பெரும்பாலும் ‘டர்பெல்லேரியா’ என்ற ஒரே வரியில் அடங்கிப்போவதற்குக் காரணம் நம் கைப்பழக்கம். மாதிரி எடுத்த கையோடு ஃபார்மலின் ஊற்றுகிறோம். நூற்புழுவும் கோபிபோடும் உருக்குலையாமல் நிற்க, தட்டைப்புழு அடையாளம் தெரியாத உருண்டையாகச் சுருங்குகிறது. மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயக்கி, உயிரோடு இருக்கும்போதே பிரித்தெடுத்தால் போதும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

மரபணுத்தொகுதி தெரியாத உள்ளூர்ப் புழுவால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குக் காலவரிசையே பதில். ஸ்மிட்டியாவில் ஆர்.என்.ஏ. குறுக்கீடு வந்தது 1999-இல். நம்பகமான மரபணுத்தொகுதி வெளியானது 2018-இல். இடையில் வந்த பெரிய கண்டுபிடிப்புகள் எதுவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. இன்று ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலைக் கொண்டே தேவையான ஜீன்களை எடுத்துவிடலாம். வேறு ஆய்வகத்தார் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. வாய்க்காலில் அள்ளிய கலப்புக் கூட்டத்தை வைத்து எழுதும் கட்டுரை உண்மையிலேயே பயனற்றது. ஒரே புழுவிலிருந்து பெருக்கிய வழியை நிறுவி, கேட்பவர்களுக்கு அனுப்பத் தயாராக இருந்தால்தான் அது ஆய்வுப்பொருள். இது சலிப்பூட்டும் வேலை, ஆய்வு மாணவரின் மூன்றாண்டில் பாதியை விழுங்கும். துறைதான் பொறுப்பேற்க வேண்டும். கடலூர் சிப்காட் கழிவுநீரில் எத்தனை புழு செத்தது என்று எண்ணுவதற்கே இந்த உயிரி பயன்பட்டுப் போய்விடுமோ என்ற அச்சமும் நமக்கு உண்டு. அந்த அளவீடு தேவைதான், ஆனால் மாதிரி உயிரியை அது உருவாக்காது.

தட்டைப்புழு இனங்களில் பெரும்பகுதி ஒட்டுண்ணிகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெல்வயல் ஓரம் மேயும் மாட்டின் ஈரலில் வாழும் ஃபேசியோலா, இடும் முட்டைகளின் எண்ணிக்கையால்தான் நிலைக்கிறது. சிஸ்டோசோமாவில் நியோபிளாஸ்டை ஒத்த செல்கள் இருப்பது 2013-இல் தெரிந்தது. ஆண் புழு தரும் ஒரு சிறு பெப்டைடுதான் பெண் புழுவின் இனப்பெருக்க முதிர்ச்சியைத் தூண்டுகிறது என்பது 2022-இல் தெரிந்தது. தனித்து வாழும் இனத்தையும் ஒட்டுண்ணியையும் ஒரே சட்டகத்தில் வைக்கும் முயற்சி தமிழகத்துக்குப் புதிதல்ல: மதுரையின் டி. ஜே. பாண்டியன் தட்டைப்புழுக்களின் இனப்பெருக்கமும் வளர்ச்சியும் குறித்து 2020-இல் தனி நூலே எழுதியிருக்கிறார்.

இனி, உள்ளூர்த் தட்டைப்புழுக்கள் குறித்து வரும் கட்டுரைகளில் சேகரித்த இடத்தின் வெப்பநிலை, உப்பளவு, உயிருள்ள புழுவின் படம், இணைவுறுப்பின் தொடர்வெட்டுகள், டி.என்.ஏ. வரிசை ஆகிய அனைத்தையும் கேட்போம். பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு உயிர்ப்புழுவை அனுப்ப 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுக வேண்டும். புழுவைப் பெருக்கிய பிறகு அல்ல, சேகரிக்கப் போகும்போதே அந்தத் தாள்களைத் தொடங்குவது நல்லது.