யானையை வெட்டாதிருந்தால்...

சதுரங்கம் என்றதும் மணிக்கணக்கில் அசையாது அமர்ந்திருக்கும் இருவர்தாம் பலர் நினைவிற்கு வருவர். விறுவிறுப்பற்ற விளையாட்டு என்று முகம் சுளிப்போரும் உளர். அத்தகையோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், இத்திங்கள் நாம் காணவிருக்கும் ஆட்டத்தை அவர்கள் முன் பலகையில் ஆடிக் காட்டுங்கள், அன்பு வாசகர்களே!

1999 ஜனவரி 20. நெதர்லாந்தின் கடலோரச் சிற்றூரான விக் ஆன் ஸீயில் ஆண்டுதோறும் நடைபெறும் போட்டியின் 4ஆம் சுற்று. வெள்ளைக் காய்களுடன் 35 வயது காரி காஸ்பரோவ். கறுப்புக் காய்களுடன் பல்கேரியாவின் 23 வயது இளைஞர் வெஸலின் டோபலோவ்.

முதல் 23 நகர்த்தல்களை விரைந்து கடந்து விடலாம். கறுப்பு ராஜா பலகையின் இடது ஓரத்தில், ஏ7 கட்டத்தில் ஒதுங்கி நிற்கின்றது. நடுவில் டி4 கட்டத்தில் ஒரு கறுப்புச் சிப்பாய். அதற்குப் பக்கத்துச் சிப்பாயின் காவல் உண்டு. காஸ்பரோவ் தம் 24ஆம் நகர்த்தலில் யானையைக் கொண்டு அந்தச் சிப்பாயை வெட்டினார். யானையின் மதிப்பு ஐந்து சிப்பாய்கள் என்பது சிறுவர்க்கும் தெரிந்த கணக்கு. ஒரு சிப்பாய்க்காக அதனைத் தூக்கிக் கொடுப்பதா?

டோபலோவ் யானையை வெட்டினார். உடனே இரண்டாவது யானை ஈ7 கட்டத்திற்குப் பாய்ந்து ராஜாவுக்குச் செக் வைத்தது. அது நின்ற இடமோ கறுப்பு ராணியின் வாய்க்கு நேரே! ஆனால் ராணி அதனை வெட்டத் துணிந்தால் ஆட்டம் கைநழுவும். வேறு வழியின்றிக் கறுப்பு ராஜா முன்னே அடியெடுத்து வைத்தது.

அதன் பிறகு நிகழ்ந்ததுதான் விந்தை. படைக்குப் பின்னே பதுங்கியிருக்க வேண்டிய ராஜா, எதிரியின் எல்லைக்குள் தன்னந்தனியே நடக்கத் தொடங்கியது. 26ஆம் நகர்த்தலில் ஒரு குதிரையை வெட்டிற்று. 31, 32, 33 ஆகிய மூன்று நகர்த்தல்களில் அடுத்தடுத்து மூன்று சிப்பாய்களை வெட்டிற்று. கொள்ளை அடித்துக்கொண்டு போவது போலத்தான் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு கவளமும் தூண்டிலில் கோத்த இரை. 35ஆம் நகர்த்தலில் அது வெள்ளையரின் கடைசி வரிசையிலேயே, டி1 கட்டத்தில் வந்து நின்றது. வெள்ளை ராணி தன் ஆட்டத்தைத் தொடங்கிய கட்டம் அது!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த நகர்த்தலே. செக் மேல் செக் வைத்து வந்தவர் சற்று நிதானித்தார். தொலைவில் நின்ற பிஷப்பை, அது பிறந்த கட்டமான எஃப்1இல் அமைதியாகக் கொண்டு வந்து வைத்தார். கறுப்பு ராணி அதனை இலவசமாகவே வெட்டலாம். வெட்டினால் ராஜாவுக்கு மீட்சியில்லை. மறு நகர்த்தலில் எஞ்சிய யானையையும் கொடுத்தார். அதனை டோபலோவ் வெட்டியதும் அதே பிஷப் கறுப்பு ராணியை வெட்டிற்று. 44ஆம் நகர்த்தலோடு டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தாக்குதல் குற்றமற்றதா என்று கேட்பீர்கள். இல்லை. 28ஆம் நகர்த்தலில் காஸ்பரோவ் ராணியை நகர்த்தியதற்கு மாறாக யானையை ஏ7 கட்டத்திற்குக் கொண்டு சென்றிருப்பின், வெற்றி இன்னும் எளிதாகியிருக்கும் என்று பிற்கால ஆய்வு காட்டியது. அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. 24ஆம் நகர்த்தலில் டோபலோவ் அந்த யானையைத் தொட வேண்டிய கட்டாயமே இல்லை! ராஜாவை ஒரு கட்டம் முன்னேற்றி, ஏ5 கட்டத்தில் நின்ற வெள்ளைக் குதிரையை மிரட்டியிருந்தால் போதும். குதிரை பின்வாங்க, ராணிகள் இரண்டும் வெட்டுப்பட, ஆட்டம் சமநிலைக்கு வந்திருக்கும். உலகம் வியந்த ராஜாவின் அந்த நெடும் பயணம் நிகழ்ந்தே இராது. காஸ்பரோவ் நீட்டிய யானை, எதிரி அதனை வாங்கிக்கொள்வார் என்ற துணிச்சலின் மேல் நின்றது. கைக்கு எட்டிய யானையை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? உங்கள் பிள்ளைகளிடம் பலகையைக் கொடுத்து, 24ஆம் நகர்த்தலில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

அப்போட்டியின் 13 சுற்றுகளும் முடிந்தபோது காஸ்பரோவ் 10 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். நம் சென்னையின் விசுவநாதன் ஆனந்துக்கு 9.5 புள்ளிகள், இரண்டாம் இடம். டோபலோவ் யானையை விட்டுவிட்டு ஆட்டத்தைச் சமன் செய்திருந்தால், இருவரும் 9.5 என்று ஒரே கணக்கில் நின்றிருப்பர்.