வக்கீல் மேல் பழி, கையில் அரம்

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. கடையில் வாங்கும் ரைஃபிளின் டிரிகர் கனமாக இருப்பதற்கு ஒரே காரணம் வக்கீல்கள்தாம் என்பது அது. வழக்குக்குப் பயந்து கம்பெனிக்காரன் வேண்டுமென்றே இறுக்கி அனுப்புகிறானாம். ஆகவே வீட்டிலேயே பிரித்து, சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி லேசாக்கிக்கொண்டால் நஷ்டம் ஒன்றும் இல்லையாம். 'வக்கீல் டிரிகர்' என்று அந்தக் கனமான டிரிகருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நவம்பர் நெருங்கும்போது விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் கார் ஷெட்டுகளில் இந்தத் தேய்ப்பு வேலை மும்முரமாக நடக்கும்.

இதில் உண்மை இருக்கும் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாதாரண வேட்டை ரைஃபிள் மூன்று, மூன்றரை கிலோ எடை இருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தொழிற்சாலையிலிருந்து வந்த பல ரைஃபிள்களில் டிரிகரை இழுக்க 6, 7 பவுண்டு விசை வேண்டியிருந்தது. ஏறக்குறைய 3 கிலோ. துப்பாக்கியின் எடைக்குச் சமமான விசையை ஒற்றை விரலால் கொடுத்தால் குறி அசையத்தான் செய்யும். வழக்குப் பயம் தயாரிப்பாளர்களுக்கு இருந்ததும் பொய்யில்லை. நல்ல டிரிகர் வேண்டும் என்று கேட்பவனை நான் குறை சொல்லவில்லை.

என் சண்டை அவன் கையில் எடுக்கும் அளவுகோலோடு. கேள்விப்படுவதெல்லாம் ஒரே எண்தான்: எத்தனை பவுண்டு? நாலா, மூன்றா, இரண்டா? எண் இறங்க இறங்க துப்பாக்கியின் தரம் ஏறுவதாக ஒரு கணக்கு. சாவி எவ்வளவு லேசாகச் சுழல்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பூட்டின் தரத்தை முடிவுசெய்வதைப் போன்றது இது.

ஒஹையோ மாநிலத்தில் கேம்ப் பெர்ரி என்ற இடம் இருக்கிறது. 1907 முதல் அமெரிக்கத் தேசிய ரைஃபிள் போட்டிகள் நடக்கும் மைதானம். அங்கே 'சர்வீஸ் ரைஃபிள்' பிரிவில் இறங்குகிறவரின் டிரிகர் நாலரை பவுண்டுக்குக் குறையக் கூடாது. எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் விடுவார்கள். அந்த நாலரை பவுண்டு டிரிகரை வைத்துக்கொண்டு 600 கெஜத்தில் 12 அங்குல வட்டத்துக்குள் குண்டு குண்டாக அடுக்குகிறார்கள். நம் வேட்டைக்காரர் மரத்து மேடையில் உட்கார்ந்து 100 கெஜத்தில் நிற்கும் மானைச் சுடுகிறவர். மானின் நெஞ்சுப் பகுதி எட்டங்குலம் வரும். ஆறில் ஒரு பங்கு தூரம்தான், குறியின் அகலமோ அந்த வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதில் தவறிவிட்டு டிரிகர் கனம் என்கிறார்.

அந்தப் போட்டியாளர்களின் டிரிகர் லேசானது அல்ல, சுத்தமானது. விரல் அழுத்தும்போது இழுபடாமல், உரசாமல், ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விடுபடும். இழுத்துக்கொண்டே போகும் மூன்று பவுண்டு டிரிகரைவிட, கண்ணாடிக்குச்சி முறிவதுபோல் விடுபடும் நாலு பவுண்டு டிரிகர் எவ்வளவோ மேல். கையில் எடுத்துப் பார்த்த எவருக்கும் இது தெரியும். தெரிந்தும் பேச்சு என்னவோ பவுண்டிலேயே நிற்கிறது. எண்ணைச் சொல்லிப் பெருமைப்பட முடியும், சுத்தத்தைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டு மேஜையில் தேய்க்கப்படுவது என்ன என்று இப்போது பார்க்கலாம். போல்ட்டை மூடியதும் அடிக்கும் ஊசி, ஏறக்குறைய பத்து கிலோ விசையுள்ள ஸ்பிரிங்கின் முன்னால், பாயக் காத்து நிற்கிறது. அதை மறித்து நிற்பது சியர் என்ற சின்ன எஃகுத் துண்டு. அந்தச் சியரைத் தாங்குவது டிரிகரின் ஒரு விளிம்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் அளவு பல வேட்டை ரைஃபிள்களில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். தோட்டாவுக்கும் பக்கத்தில் நிற்கும் மனிதனுக்கும் நடுவில் அந்தத் துப்பாக்கிக்குள் இருக்கும் தடுப்பு இவ்வளவே. சேஃப்டி இருக்கிறதே என்பார்கள். பல வடிவங்களில் சேஃப்டி அந்தச் சியரையோ டிரிகரையோதான் பிடித்து நிறுத்துகிறது. ஊசியையே பிடிக்கும் சேஃப்டி மவுசர் 98-லும் வின்செஸ்டர் 70-லும் உண்டு. எல்லாத் துப்பாக்கியிலும் இல்லை.

அந்த விளிம்பின் கோணம் தற்செயலாக அமைந்தது அல்ல. சற்றே உள்வாட்டமாக இருந்தால் தட்டினாலும் குலுங்கினாலும் சியர் தன் இருப்பிடத்திலேயே இன்னும் இறுகி உட்காரும். கல்லைப் பிடித்த கை ஒரு பாகை வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால், ஸ்பிரிங்கின் விசையே சியரை வெளியே தள்ளப் பார்க்கும். அதன் பிறகு அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும். கண்ணால் பார்த்தால் இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி பளபளக்கும். விரலுக்கோ கெட்டுப்போனதுதான் நன்றாக இருப்பதாகப்படும், ஏனென்றால் அது லேசாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பாகங்கள் பலவற்றில் கடினமான எஃகு மேல்தோல் அளவுக்குத்தான் இருக்கும், உள்ளே மென்மையான எஃகு. தோலைத் தேய்த்து எடுத்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நூறு, இருநூறு தடவை போல்ட் திறந்து மூடிய பிறகு மென்மையான விளிம்பு மழுங்கத் தொடங்கும். 'எங்கள் தாத்தா இப்படித்தான் செய்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. தேய்த்த அன்று ஆகியிருக்காது. தாத்தாவின் துப்பாக்கி இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவரைக் கேட்க வேண்டும்.

இந்த லேசு மோகம் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களிடமிருந்து வந்தது என்பது என் கணிப்பு. அவர்களுக்கு 2 அவுன்ஸ் டிரிகர் உண்டு. சுமார் 57 கிராம், மூச்சுப் பட்டால் விடுபடும். ஆனால் அவர்கள் மேஜையில் மணல் மூட்டை மேல் துப்பாக்கியைக் கிடத்தி, குழலைக் குறிப்பலகையை நோக்கி வைத்த பிறகே தோட்டாவைப் போடுகிறவர்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலி தாண்டுவதில்லை, பனியில் வழுக்குவதில்லை, ஏணியில் ஏறுவதில்லை. வேட்டைக்காரர் இவ்வளவையும் செய்கிறார். அதுவும் உறைபனிக் குளிரில், தடித்த கையுறையோடு, மானைக் கண்டதும் நெஞ்சு தடதடக்க. உணர்ச்சி மரத்த விரலுக்கு ஒரு பவுண்டு டிரிகர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. சுட்ட பிறகுதான் தெரியும்.

'தொழிற்சாலை அனுப்பிய கனம் வெறும் வக்கீல் பயம்' என்பவர்களுக்கு ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியின் கதையைவிடப் பெரிய மறுப்பு இல்லை. 1962-இல் வெளிவந்த மாடல் 700 அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற போல்ட் ரைஃபிள்களில் ஒன்று. அதன் டிரிகரை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற பொறியாளர். அதே வடிவம் 1948-இலேயே முந்தைய மாடல்களில் வந்துவிட்டது. டிரிகருக்கும் சியருக்கும் நடுவில் தனியாக ஒரு சிறு தகடு. அருமையான, சுத்தமான டிரிகர் என்று பெயரெடுத்ததே அந்தத் தகட்டால்தான். அழுக்கோ கெட்டிப்பட்ட எண்ணெயோ இடுக்கில் புகுந்தால் தகடு தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாமல் போகலாம் என்பதும், அப்போது சேஃப்டியை விடுவித்ததுமே தோட்டா வெடிக்கலாம் என்பதும் பின்னாளில் வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். வாக்கரே 1948-இல் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவு. கம்பெனி ஏற்கவில்லை. 2010-இல் சிஎன்பிசி தொலைக்காட்சியின் ஆவணப்படம் இதையெல்லாம் ஊரறியச் செய்தது. குறை எதுவும் இல்லை என்றே கம்பெனி சொல்லிவந்தது. ஆனாலும் 2017-இல் மிசௌரி கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின் கீழ் ஏறக்குறைய 75 லட்சம் துப்பாக்கிகள் வந்தன.

கம்பெனியின் தற்காப்பு வாதத்தைக் கவனிக்க வேண்டும். தானாக வெடித்தது என்று வந்த புகார்களுக்கு அது சொன்ன பதில்களில் முக்கியமானது, சொந்தக்காரர் டிரிகரை நோண்டியிருக்கிறார் என்பது. அந்த டிரிகரில் திருகாணிகள் உண்டு. அரக்கு வைத்து மூடி அனுப்பினாலும் சுரண்டிவிட்டுத் திருப்பியவர்கள் ஏராளம். எனவே அந்தப் பதிலை முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. வக்கீல்களைத் திட்டிக்கொண்டே அரத்தை எடுத்தவர்கள், கடைசியில் கம்பெனி வக்கீலின் கையில்தான் ஆயுதத்தைக் கொடுத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் நீதிமன்றத்தில் நின்றபோது, யாரோ எங்கோ செய்த மேஜை வேலை அவர்களுக்கு எதிரான சாட்சியாக நின்றது. இந்தக் கோபம்தான் என்னை எழுத வைத்தது.

கதை அதோடு முடியவில்லை. பழைய டிரிகருக்குப் பதிலாக 2006-இல் எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற புதியது வந்தது. 2014 ஏப்ரலில் அதையும் திரும்ப அழைத்தார்கள். காரணம், சில டிரிகர்களில் பாகங்களைப் பூட்டும்போது பசை சற்று அதிகமாகிவிட்டது. எட்டாண்டுத் தயாரிப்பையும் திருப்பி அனுப்பச் சொல்ல அந்த மிகைப் பசை போதுமானதாக இருந்தது. பொறியாளர்களும் அளவுக் கருவிகளும் நிறைந்த ஆலையிலேயே இந்தக் கதி என்றால், பழைய பனியனும் உப்புத்தாளும் வைத்திருக்கிற கார் ஷெட்டில் நடப்பதைப் பற்றி என்ன சொல்ல?

பாதுகாப்பையும் லேசையும் சேர்த்துத் தரவே முடியாதா? முடியும், தந்திருக்கிறார்கள். 2003 வாக்கில் சாவேஜ் கம்பெனி கொண்டுவந்த அக்யுடிரிகரின் நடுவில் மெல்லிய தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விரல் அதை அழுத்தாத வரை, சியர் குலுங்கி நழுவினாலும் அந்தத் தகடு மறித்துவிடும், ஊசி போய் அடிக்காது. அந்த மறிப்பு இருப்பதால் டிரிகரை ஒன்றரை பவுண்டு வரை இறக்கிக்கொள்ள உரிமையாளரிடமே சாவியைக் கொடுத்தார்கள். மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. அவர்கள் விளிம்பைத் தேய்த்து லேசாக்கவில்லை. விளிம்பு தவறினால் பிடிக்க இரண்டாவது கையை வைத்த பிறகே லேசாக்கினார்கள். வீட்டில் தேய்ப்பவர் இருக்கும் ஒரே கையையும் வெட்டுகிறார். வக்கீல் பயம்தான் இந்தக் கண்டுபிடிப்பையும் பிறப்பித்தது என்று யாராவது சொன்னால், அந்த வக்கீல்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

'குழலை ஆள் பக்கம் திருப்பாதே என்ற விதி இருக்கிறது, அதைக் காத்தால் போதாதா' என்பது கடைசி வாதம். அந்த விதி மனிதனின் கவனக்குறைவுக்கான காப்பு. தெரிந்தே உண்டாக்கிய இயந்திரக் குறையை அதன் தலையில் கட்டுவது விதியை மதிப்பது ஆகாது. அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் அமைப்பான சாமியின் சோதனைமுறையில் ரைஃபிளை நான்கடி உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பில் போட்டுப் பார்க்கிறார்கள். தன் கைவேலையை அப்படிப் போட்டுப் பார்த்த மேஜைக்காரர் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஸ்கோப் கெட்டுவிடுமாம்.

கனமான டிரிகரால் உண்மையிலேயே அவதிப்படுகிறவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. துப்பாக்கியைக் காலி செய்து, நன்றாகத் துடையுங்கள். பாதிக் 'கனம்' வருடக்கணக்கில் இறுகிய எண்ணெயாக இருக்கலாம். மரக்கட்டை டிரிகரில் உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நண்பரிடம் கொடுத்து, நிஜத் தோட்டாவுக்கு நடுவில் போலித் தோட்டா ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். அதன்மேல் ஊசி விழும்போது குழல்முனை துள்ளினால் பழுது டிரிகரில் இல்லை, வெடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே அஞ்சும் உங்கள் தோளில். அதற்கு மருந்து காலித் துப்பாக்கிப் பயிற்சி. அப்புறமும் டிரிகர்தான் என்றால், சாவி கொடுத்திருக்கும் கம்பெனியின் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் திருப்புங்கள், அல்லது துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் போங்கள், அல்லது டிம்னி போன்றவர்கள் விற்கும் முழு டிரிகரை வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். இருநூறு டாலர் ஆகும். ஸ்கோப்புக்கு ஆயிரம் கொடுத்தவர் இங்கே மட்டும் சிக்கனம் பேச வேண்டாம்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நம் பேச்சிலிருந்தே போய்விட்டது. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழர்களில் வேட்டை உரிமம் எடுக்கிறவர்கள் உண்டு. முதல் ரைஃபிளைப் பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்குவார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விற்கிறவர் 'டிரிகர் வெண்ணெய் மாதிரி' என்று சொன்னால் மகிழாதீர்கள், யார் வேலை செய்தது என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், முதல் தோட்டா போடும் முன் கன்ஸ்மித்திடம் காட்டுங்கள். விற்கிறவர்களுக்கும் ஒன்று: உங்கள் அரம் பட்ட துப்பாக்கியாக இருந்தால் அதைச் சொல்லி விற்றுவிடுங்கள்.